டர்போவைக் கழட்டினா கார் பழையபடி ஆகிடுமா? பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

கோவை பீளமேடு ஹோப்ஸ் சிக்னலில் சாயங்காலம் நின்றால், ஏதாவது ஒரு பழைய பெட்ரோல் கார் 'ப்ஸ்ஸ்ஸ்' என்று மூச்சு விட்டபடி கிளம்புவதைக் கேட்கலாம். வெளியில் வாங்கிய டர்போ கிட் மாட்டிய வண்டி. முதல் ஆறு மாதம் ஜாலிதான். அப்புறம் சூடு ஏறுது, ஆயில் குறையுது, மைலேஜ் விழுது, எஃப்.சி. தேதி வேற நெருங்குது. அடுத்து வரும் கேள்வி: "டர்போவைக் கழட்டிட்டு பழையபடி ஓட்டலாமா?"

ஓட்டலாம். ஆனால் கழட்டினா மட்டும் போதாது.

முதலில் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்க

உங்க கார் ஷோரூமில் இருந்து வரும்போதே டர்போ இன்ஜினா, இல்லை நீங்களோ முந்தைய ஓனரோ பின்னாடி மாட்டினதா? இதிலேயே பாதி விடை இருக்கு. பின்னாடி மாட்டியது என்றால், கழட்டுவது வண்டியைச் சட்டப்படியான நிலைக்குத் திரும்பக் கொண்டுவரும் வேலை. கம்பெனியே டர்போவோடு கொடுத்த கார் என்றால், அதைக் கழட்டுவதுதான் புதிய மாற்றம். அந்த விபரீதத்தில் இறங்க வேண்டாம். குறிப்பாக இன்றைய டீசல் கார்களில் தொடவே கூடாது, புகைதான் மிச்சம்.

மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52, தயாரிப்பு நிறுவனம் வடிவமைத்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் டர்போ மாட்டியிருந்தால், விபத்து நேரத்தில் க்ளெய்ம் சிக்கலாக வாய்ப்பு உண்டு.

டர்போ இன்ஜினுக்குள்ளே என்ன மாறியிருக்கும்?

சாதாரண இன்ஜின் காற்றைத் தானே உறிஞ்சிக்கும். பட்டறையில் இதைச் சுருக்கமா 'என்.ஏ.' என்பார்கள். டர்போவில், வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழன்று, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். நிறைய காற்று, நிறைய பெட்ரோல், நிறைய பவர்.

பிரச்சினை அந்த அழுத்தத்தில்தான். ஏற்கெனவே அழுத்தப்பட்ட காற்றை பிஸ்டன் மறுபடி நசுக்கினால், பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடிக்கும். அதுதான் 'நாக்கிங்'. இதைத் தவிர்க்க, டர்போ மாட்டுபவர்கள் பிஸ்டனை மாற்றியோ, தடிமனான ஹெட் கேஸ்கட் வைத்தோ கம்ப்ரஷனைக் குறைத்திருப்பார்கள். என்.ஏ. இன்ஜினில் 10க்கு 1 அல்லது 11க்கு 1 என்று இருந்தது, 8.5க்கோ 9க்கோ இறங்கியிருக்கும். இப்போ டர்போவை மட்டும் எடுத்துட்டா, தள்ளிவிட ஆளும் இல்லை, சொந்த மூச்சும் இல்லை. கம்பெனியில் இருந்து வந்தப்போ இருந்ததைவிட மந்தமான வண்டி கிடைக்கும்!

ஆகவே பழைய பிஸ்டனும் சரியான கேஸ்கட்டும் திரும்ப வரணும். கூடவே ஒரிஜினல் மேனிஃபோல்டு, பழைய அளவு இஞ்செக்டர், சரியான ஸ்பார்க் பிளக். ஈ.சி.யூ.வில் கம்பெனி மேப்பை மறுபடி ஏற்றணும். பெரிய இஞ்செக்டருக்காக எழுதிய மேப்பில் சின்ன இஞ்செக்டர் ஓடினால் பெட்ரோல் பத்தாமல் இன்ஜின் திணறும். டர்போவுக்கு ஆயில் போன குழாயையும், ஆயில் திரும்பி வர சம்ப்பில் போட்ட ஓட்டையையும் ஒழுங்கா அடைக்கணும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். சரியா அடைக்காத ஓட்டையில் ஆயில் கசிந்து தீர்ந்து, நடுரோட்டில் இன்ஜின் சீஸ் ஆகலாம்.

இதையெல்லாம் வாங்குவதற்கு முன்னாடி கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்க. நாக்கிங்கில் அடிபட்ட இன்ஜினில் பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்திருக்கலாம். ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைவா காட்டினால், ஹெட்டைக் கழட்டிப் பார்க்காமல் செலவில் இறங்காதீங்க. வேறு இன்ஜினையே வைக்கும் யோசனை இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. அனுமதி. இன்ஜின் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகணும்.

ஃபார்முலா 1-ல் என்ன செய்தார்கள்?

1988-ல் மெக்லாரன் அணி, ஹோண்டாவின் 1.5 லிட்டர் வி6 டர்போ இன்ஜினோடு 16 பந்தயங்களில் 15-ஐ ஜெயித்தது. அடுத்த ஆண்டு டர்போவுக்குத் தடை வந்தது. ஹோண்டா அந்த வி6-ல் டர்போவைக் கழட்டிவிட்டு ஓட்டவில்லை. 3.5 லிட்டரில் முழுக்கப் புதிய வி10 இன்ஜினைச் செய்தது. 1989-லும் பட்டம் மெக்லாரனுக்கே.

நம்ம கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணியில் ஓட்டியது 3 லிட்டர் வி10. 2011, 2012-ல் ஹெச்.ஆர்.டி. அணியில் 2.4 லிட்டர் வி8. எதிலும் டர்போ கிடையாது. 2014-ல்தான் டர்போ அங்கே திரும்பி வந்தது.

பழையபடி ஆன பிறகு ஓட்ட எப்படி இருக்கும்?

அவிநாசி ரோட்டு நெரிசலில் நல்லாவே இருக்கும். டர்போ விழித்துக்கொள்ளும் வரை காத்திருக்கும் அந்த இழுவை இருக்காது. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால்தான் வித்தியாசம் தெரியும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், கடல் மட்டத்தைவிட காற்று ஏறத்தாழ 5-ல் 1 பங்கு அடர்த்தி குறைவு. டர்போ அதை ஈடுகட்டும், என்.ஏ. இன்ஜினால் முடியாது. கொண்டை ஊசி வளைவில் ஒரு கியர் கூடுதலா இறக்க வேண்டியிருக்கும்.

கழட்டிய டர்போ கிட்டை விற்கும் அவசரம் வேண்டாம். புது மேப்பில் ஒரு 1,000 கிலோமீட்டர் ஓட்டி, ஆயில் அளவையும் பிளக்கின் நிறத்தையும் பார்த்துட்டு, புகைச் சான்றிதழ் எடுத்த பிறகு விலை பேசலாம்.