நோய் எல்லா நாட்டிலும் இருக்கிறது

கோபிசெட்டிபாளையத்தை ஒட்டிய கரட்டடிபாளையத்தில் பிறந்தவர் ஜி.வி. லோகநாதன். கோவை பி.எஸ்.ஜி.யில் பொறியியல், கான்பூர் ஐ.ஐ.டி.யில் முதுநிலை, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். 2007 ஏப்ரல் 16, திங்கட்கிழமை காலை, நாரிஸ் ஹால் கட்டடத்தின் 206ஆம் அறையில் நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு கைத்துப்பாக்கிகளோடு ஒரு மாணவன் உள்ளே நுழைந்தான். லோகநாதனும் அவரது வகுப்பு மாணவர்கள் ஒன்பது பேரும் அங்கேயே இறந்தார்கள். அன்று அந்த வளாகத்தில் கொல்லப்பட்டவர்கள் மொத்தம் 32 பேர்.

சுட்டவனுக்கு மனநலப் பிரச்சினை இருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. 2005 டிசம்பரிலேயே நீதித்துறை அதிகாரி ஒருவர், அவனால் அவன் உயிருக்கே ஆபத்து என்று முடிவு செய்து, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறும்படி உத்தரவிட்டிருந்தார். அப்படி ஓர் உத்தரவு இருப்பவருக்குத் துப்பாக்கி விற்கக் கூடாது என்பது நாடு முழுமைக்குமான சட்டம். ஆனால் மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களின் பெயர்களை மட்டுமே வர்ஜீனியா மாநிலம் அந்தத் தடைப்பட்டியலுக்கு அனுப்பிவந்தது. வெளிநோயாளியான இவன் பெயர் போகவில்லை. 2007 பிப்ரவரியில் ஒரு துப்பாக்கி, மார்ச்சில் இன்னொன்று. இரண்டு முறையும் கடையில் பின்னணியைச் சரிபார்த்தார்கள், இரண்டு முறையும் விற்கலாம் என்றே பதில் வந்தது. அவன் சிகிச்சைக்குப் போனானா என்று கேட்கவும் ஆளில்லை.

இந்த ஒரு சம்பவத்தை வைத்தே இரண்டு தரப்பும் வாதாடலாம். நோயைப் பார், என்று ஒருவர். துப்பாக்கியைப் பார், என்று இன்னொருவர். அமெரிக்காவில் ஒவ்வொரு படுகொலைக்குப் பிறகும் இந்த வாதம் நடக்கிறது, அதில் முதலில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நோயைச் சுட்டுகிறவர்கள்தான். 2019 ஆகஸ்டில் எல் பாசோவிலும் டேட்டனிலும் ஒரே வார இறுதியில் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, விசையை அழுத்துவது துப்பாக்கி அல்ல, மனநோயும் வெறுப்பும்தான் என்றார் டிரம்ப். 2012 டிசம்பரில், சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலை நடந்த ஒரு வாரத்தில், தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான வெய்ன் லாபியர், மனநோயாளிகளுக்கு நாடு தழுவிய பதிவேடு இல்லையே என்று குறைப்பட்டார். துப்பாக்கிகளுக்கு நடுவண் அரசு பதிவேடு வைக்கக் கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அந்தத் தடையைக் கட்டிக்காப்பதும் அதே சங்கம்தான். கருவியின் பெயரை எழுதக் கூடாது, நோயாளியின் பெயரை எழுத வேண்டும் என்ற இந்த நிலைப்பாட்டை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

மனநோயாளிகள் உண்மையில் எவ்வளவு வன்முறை செய்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் டியூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன். மனச்சிதைவு, இருதுருவ நோய், கடும் மனச்சோர்வு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் அமெரிக்காவை விட்டே விரட்டிவிட்டாலும் அந்த நாட்டின் வன்முறையில் குறைவது ஏறத்தாழ 4 சதவீதம்தான் என்று அவர் கணக்கிட்டார். மீதி 96 அப்படியே இருக்கும். கூட்டத்தில் புகுந்து சுடுகிறவர்கள் தனி ரகம், அவர்கள் எல்லோருமே நோயாளிகள் என்று வாதிடுவோருக்கு எஃப்.பி.ஐ. 2018இல் வெளியிட்ட ஆய்வு பதில் சொல்கிறது. 2000 முதல் 2013 வரை இப்படிச் சுட்ட 63 பேரின் வாழ்க்கையை அது துருவிப் பார்த்தது. அவர்களில் நால்வரில் ஒருவருக்குத்தான் எப்போதாவது மனநோய் என்று மருத்துவர் கண்டறிந்திருந்தார். நிஜத்தோடு தொடர்பே அறுந்துபோகும் உளப்பிறழ்வு மூன்றே பேருக்கு. வேலை போனது, கடன், குடும்பச் சண்டை, எவர் மீதோ தீராத வன்மம் ஆகியவைதான் அந்த வாழ்க்கைகளில் மீண்டும் மீண்டும் தென்பட்டன. பெரும்பாலோர் ஒரு வாரமோ அதற்கு மேலோ உட்கார்ந்து திட்டமிட்டிருந்தார்கள்.

2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகஸ் ஓட்டல் ஜன்னலிலிருந்து இசை விழாக் கூட்டத்தின் மீது பத்து நிமிடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்த 64 வயதுக்காரரை எந்தத் தடைப்பட்டியலும் பிடித்திருக்காது. 2022 மே மாதம் டெக்சஸின் உவால்டேயில் 19 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் கொன்றவன், 18 வயது நிறைந்த சில நாள்களில், சட்டப்படி கடையில் துப்பாக்கி வாங்கியவன். அவனுக்கு மனநோய் இருந்ததாக எந்தப் பதிவும் இல்லை என்று சொன்ன மாநில ஆளுநர், அதே பேட்டியில் மனநலத்தைக் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னார். கவனிக்கத்தான் வேண்டும். 1955இல் அமெரிக்க மாநில மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். அந்த மருத்துவமனைகளை மூடியபோது, பதிலுக்குத் தருவதாகச் சொன்ன ஊர்ச் சிகிச்சை மையங்கள் போதிய அளவில் வரவே இல்லை. நோயாளிகள் தெருவிலும் சிறையிலும் கிடக்கிறார்கள். அவர்களுக்குச் சிகிச்சை வேண்டும், அவர்கள் துன்பப்படுகிறார்கள் என்பதற்காக. படுகொலை நடந்த வாரத்தில் மட்டும் அவர்களை நினைவுகூர்வது அக்கறை ஆகாது.

நோய்தான் காரணம் என்று தயங்காமல் சொல்லக்கூடிய சம்பவங்களும் உண்டு. 2011 ஜனவரி 8 அன்று அரிசோனாவின் டூசானில், ஒரு கடை வாசலில் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த காங்கிரஸ் உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸின் தலையில் சுட்டவனுக்கு மனச்சிதைவு நோய். அவன் படித்த கல்லூரி, மனநலச் சான்று இல்லாமல் திரும்பி வரக் கூடாது என்று அவனை வெளியேற்றியிருந்தது. நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாததால் அவனுக்கும் துப்பாக்கி கிடைத்தது, கூடவே 33 குண்டுகள் கொள்ளும் உறையும். ஆறு பேர் செத்தார்கள், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி உட்பட. உறை காலியாகி அவன் அடுத்ததை மாட்ட முயன்ற அந்த நொடியில்தான் பக்கத்தில் இருந்தவர்கள் அவனைக் கீழே தள்ளி அமுக்கினார்கள். பத்துக்கு மேல் குண்டு கொள்ளும் புதிய உறைகளை விற்கக் கூடாது என்று 1994இல் வந்த தடை, 2004இல் காலாவதியாகி, நீட்டிக்கப்படாமல் போயிருந்தது. பத்தாவது குண்டோடு அவன் நிறுத்த நேர்ந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? அவனுடைய நோய் அப்போதும் அதே நோயாகத்தான் இருந்திருக்கும்.

சாண்டி ஹூக்கில் 20 குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் இறந்த அதே 2012 டிசம்பர் 14 அன்று, சீனாவின் ஹெனான் மாகாணத்தில் சென்பெங் என்ற கிராமத்துப் பள்ளியிலும் ஒருவன் குழந்தைகள் மீது பாய்ந்தான். 23 குழந்தைகளுக்குக் காயம், சிலருக்கு மிக மோசமான காயம். ஒருவரும் இறக்கவில்லை. அவன் கையில் இருந்தது கத்தி. மனச்சிதைவு நோய் உலகில் ஏறத்தாழ முந்நூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சென்னையில், டோக்கியோவில், சிகாகோவில் எங்கும் அந்த நோயாளிகள் இருக்கிறார்கள். 100 பேருக்கு 120 துப்பாக்கிகள் பொதுமக்கள் கையில் இருப்பதாக மதிப்பிடப்பட்ட நாடு அமெரிக்கா ஒன்றுதான்.

நோயும் துப்பாக்கியும் உண்மையில் சந்திக்கும் இடம் தலைப்புச் செய்தியில் வருவதில்லை. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். கூட்டப் படுகொலைகளில் இறப்பவர்கள் இந்தக் கணக்கில் மிகச் சிறு துளி. மனச்சோர்வில் இருப்பவர் பிறரைச் சுடுவது அரிது, தன்னை முடித்துக்கொள்ள நினைப்பதோ அரிதல்ல. அந்த நினைப்பு பெரும்பாலும் தணிந்துவிடுகிற ஒன்று. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிறகு தற்கொலையால் சாவதில்லை. வீட்டு அலமாரியில் துப்பாக்கி இருந்தால் அது தணியும் வரை பொறுக்க அவகாசமே இருக்காது. மனநோயாளியிடமிருந்து ஊரைக் காப்பாற்றுவது பற்றியே பேசும் நாட்டில், துப்பாக்கியிடமிருந்து மனநோயாளியைக் காப்பாற்றுவது பற்றி மிகச் சிலரே பேசுகிறார்கள். எனக்கு இந்த விவகாரத்தில் ஆற்றவே முடியாத வருத்தம் இதுதான்.

பேசியவர்கள் கனெக்டிகட் மாநிலத்தில் இருந்தார்கள். 1999இல் அங்கே வந்த சட்டப்படி, ஒருவர் தனக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்தாக இருப்பதாகத் தெரிந்தால், போலீஸ் நீதிபதியின் ஆணை பெற்று அவரிடமிருக்கும் துப்பாக்கிகளைத் தற்காலிகமாக எடுத்துவைக்கலாம். அவருக்கு மனநோய் இருப்பதாக நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த ஆணைகளை ஸ்வான்சனின் குழு பின்னாளில் ஆராய்ந்தது. பத்து முதல் இருபது பேரிடம் துப்பாக்கியை எடுத்தால் ஒரு தற்கொலை தடுக்கப்படுகிறது என்பது அவர்கள் கண்டது. புளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 2018 பிப்ரவரியில் 17 பேர் கொல்லப்பட்ட பிறகு இத்தகைய சட்டம் பல மாநிலங்களுக்குப் பரவியது.

மெய்ன் மாநிலம் வேறு வழியில் போனது. அங்கே கொண்டுவந்த சட்டத்தில், போலீஸ் முதலில் ஆளைக் காவலில் எடுக்க வேண்டும், பிறகு மருத்துவர் பரிசோதித்து ஆபத்து என்று சொல்ல வேண்டும், அதன் பிறகே நீதிபதி. ராணுவ ரிசர்வ் படை வீரர் ஒருவர் 2023 தொடக்கத்திலிருந்து தன்னைப் பற்றி யாரோ பழி பேசுவது காதில் விழுவதாகச் சொல்லிவந்தார். மே மாதத்தில் அவருடைய மகனும் முன்னாள் மனைவியும் போலீசிடம் போய், அவரிடம் நிறையத் துப்பாக்கிகள் இருக்கின்றன, பயமாக இருக்கிறது என்றார்கள். ஜூலையில் ராணுவமே அவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தது, மூன்று வாரங்களுக்குள் வெளியே வந்தார். செப்டம்பரில் படைத் தோழர் ஒருவர், இவர் கூட்டக் கொலை செய்யப் போகிறார் என்று மேலதிகாரிக்கே எழுதினார். ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். யாரும் திறக்கவில்லை. துப்பாக்கிகளைக் குடும்பத்தார் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அக்டோபர் 25 இரவு லூயிஸ்டன் நகரின் பௌலிங் விளையாட்டுக்கூடத்திலும் மதுக்கூடத்திலும் 18 பேரை அவர் சுட்டுக் கொன்றார்.

அவரைக் காவலில் எடுக்கப் போதிய காரணம் இருந்தது என்று விசாரணைக் குழு பிறகு சொன்னது. மகன் சொன்னார், தோழர் சொன்னார், மருத்துவமனை பார்த்தது. எல்லோருக்கும் நோய் தெரிந்திருந்தது. துப்பாக்கிகளை எடுக்கும் வேலையை மட்டும் எவரும் செய்யவில்லை. 2025 நவம்பரில் மெய்ன் மக்கள் வாக்களித்து அந்த ஏற்பாட்டோடு இன்னொரு வழியையும் சேர்த்தார்கள். புதிய சட்டத்தில் குடும்பத்தினரே நேராக நீதிமன்றம் போகலாம். மருத்துவச் சான்று கட்டாயமில்லை. ஆபத்து இருக்கிறது என்பதற்கான ஆதாரம் போதும்.