ஐயத்தைச் சொல்லும் மொழி

நிறுவனங்களில் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் பிரிவினருக்கும் ஏனைய பிரிவினருக்கும் இடையே இணக்கம் குறைவு என்பது பரவலாகக் கேட்கப்படும் குறை. அதனை மேலாண்மைச் சிக்கலாகவே பலரும் கருதுவர். அதன் வேர்களுள் ஒன்று சொற்பொருளில் இருக்கிறது என்பது என் கருத்து. இதற்குச் சிங்கப்பூரிலேயே தக்க சான்று உண்டு.

2018ஆம் ஆண்டு சிங்ஹெல்த் சுகாதாரக் குழுமத்தின் தரவுத்தளத்தினுள் ஊடுருவியோர் ஏறத்தாழ 1.5 மில்லியன் நோயாளிகளின் சொந்த விவரங்களைக் களவாடினர். அவர்களுள் சுமார் 160,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகளைப் பற்றிய குறிப்புகளும் பறிபோயின. அன்றைய பிரதமர் திரு லீ சியன் லூங்கின் விவரங்கள் குறிவைத்தே தேடப்பட்டன. நடந்ததை ஆராய நால்வர் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 2019 ஜனவரியில் வெளியாயிற்று.

மொழி ஆசிரியர்களும் படிக்கத்தக்க அறிக்கை அது. பொதுச் சுகாதாரத் துறையின் கணினிக் கட்டமைப்புகளை அப்போது நிர்வகித்து வந்தது ஐஎச்ஐஎஸ் நிறுவனம். யாரோ தரவுத்தளத்தினுள் நுழைய முயன்று தோற்றதன் அடையாளங்களை அதன் ஊழியர் சிலர் ஜூன் 11 முதலே கண்டிருந்தனர். ஜூலை 4ஆம் நாள் வழக்கத்திற்கு மாறான தேடல்களைக் கவனித்துத் தடுத்து நிறுத்தியதும் அந்நிறுவன ஊழியரே. ஆயினும் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குச் செய்தி சென்றது ஜூலை 10ஆம் நாளில்தான். பொதுமக்கள் அறிந்தது 20ஆம் நாளில்.

கண்டவர்கள் இருந்தும் செய்தி ஏன் மேலே செல்லவில்லை? பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் பொறுப்பிலிருந்த மேலாளர், உறுதிப்படுத்தப்பட்ட ஒன்றையே ‘சம்பவம்’ என மேலிடத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்று கருதியிருந்தார். தெரிவித்துவிட்டால் தமக்கும் தம் குழுவினருக்கும் நெருக்குதல் கூடும் என்ற தயக்கமும் அவருக்கு இருந்தது. முன்னது அகராதியைச் சார்ந்த சிக்கல், பின்னது அதிகாரத்தைச் சார்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. தயங்குபவருக்கு ‘இன்னும் உறுதியாகவில்லை’ என்ற தொடர் நல்ல புகலிடம்.

இவ்விடத்தில் தொல்காப்பியத்தை நினையாமல் இருக்க இயலவில்லை. சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் ஐயக் கிளவிக்கென்றே விதி வகுத்திருக்கிறது. தொலைவில் தோன்றுவது மரக்கட்டையோ மனிதனோ எனத் துணிய இயலாதபோது அதனை எவ்வாறு சொல்வது என உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுடன் விளக்குவர். துணியும்வரை வாய் திறவாதே என்று இலக்கணம் கூறவில்லை. துணியாத நிலையைப் பிழையின்றிச் சொல்ல ஒரு வடிவம் தந்தது. துணிந்தபின் சொல்லும் முறையைத் தனியே கூறியது.

நிறுவனங்களுக்கு வேண்டியதும் அத்தகைய வடிவமே. கண்டது என்ன, எப்போது கண்டேன், எது இன்னும் தெரியவில்லை என்னும் மூன்றையும் சொன்னால் அறிவிப்பு முழுமை பெற்றுவிடும். அதைப் பெறுபவர் ‘உறுதியாகத் தெரியுமா?’ என்பதை முதற்கேள்வியாகக் கேட்டால், அடுத்த முறை அந்த ஊழியர் எதையும் சொல்ல மாட்டார்.

பாதுகாப்புப் பிரிவினர் பக்கமும் குறை உண்டு. அச்சுறுத்தல், பலவீனம், இடர் ஆகிய மூன்றும் அவர்களுக்குத் தனித்தனிக் கலைச்சொற்கள். தாழ்ப்பாள் இல்லாத கதவு பலவீனம். தெருவில் திரியும் திருடன் அச்சுறுத்தல். வீட்டில் இருக்கும் நகை எவ்வளவு, அது பறிபோகும் வாய்ப்பு எவ்வளவு என்னும் கணக்கு இடர். கணக்குப் பிரிவில் அமர்ந்திருப்பவருக்கோ மூன்றும் ‘ஆபத்து’ என்ற ஒரே சொல்தான். ‘கடுமையான பலவீனம் கண்டறியப்பட்டுள்ளது’ என்ற மின்னஞ்சலால் அவர் என்ன செய்ய இயலும்? ‘இவ்வாரம் சரிசெய்யாவிடில் சம்பளப் பட்டியலை வெளியார் படிக்கக்கூடும்’ என்று எழுதினால் அன்றே எழுந்து வருவார்.

சிங்ஹெல்த் நிகழ்வின் பின்விளைவுகள் யாவரும் அறிந்தவை. ஐஎச்ஐஎஸ் நிறுவனத்திற்கு 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டன. ஐஎச்ஐஎஸ் ஊழியர் இருவர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். தலைமை நிர்வாகி உட்பட மேலதிகாரிகளும் பணத் தண்டனை பெற்றனர். முனைந்து செயற்பட்ட ஊழியர் மூவருக்குப் பாராட்டுக் கடிதங்கள் வழங்கப்பட்டன. அபராதத் தொகையைக் காட்டிலும் அந்த மூன்று கடிதங்களே பிற ஊழியர்களைப் பேச வைக்கும் என்று நான் எண்ணுகிறேன்.

மாணவர் கட்டுரைகளில் ‘போலும்’, ‘எனத் தோன்றுகிறது’ என வரும் இடங்களைத் தெளிவின்மை எனக் கருதிச் சிவப்பு மையால் அடிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. வாதக் கட்டுரைக்கு அது பொருந்தலாம்; அறிக்கை எழுதும் பயிற்சிக்குப் பொருந்தாது. பள்ளிக் கணினிக்கு வந்த ஐயத்திற்குரிய மின்னஞ்சல் ஒன்றைப் பற்றி ஆசிரியருக்கு நான்கு வரிகளில் தெரிவிக்குமாறு உயர்நிலை மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அம்மின்னஞ்சல் மோசடியா இல்லையா என்று சரியாகக் கணித்ததற்கு மதிப்பெண் வேண்டாம். கண்டதையும் கருதியதையும் வேறுபடுத்தி எழுதியவருக்கே முழு மதிப்பெண் கொடுங்கள்.