பாடகருக்குத் தொண்டை கட்டியதா?

காரில் பாட்டு ஓடுகிறது. சத்தத்தைக் கூட்டியதும் பாடகர் 'கரகர'வென்கிறார்! புது ஸ்பீக்கர் வாங்க ஓடாதீர்கள்.

ஆம்பிளிபயரை அணைத்துவிட்டு, அதில் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றி மாட்டுங்கள். கரகரப்பு அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால், பழைய ஸ்பீக்கர் நிரபராதி! தாவாவிட்டால் கோளாறு அதில்தான். அல்லது அதன் ஒயரில்.

இரண்டுமே கரகரத்தால்? பெரும்பாலும் 'கெயின்' திருகுதான் காரணம். சத்தம் கூட்டும் திருகு என்று நினைத்து, பலர் அதை முழுக்கத் திருப்பிவிடுகிறார்கள். ஆம்பிளிபயரின் சக்திக்கு மிஞ்சியதும், ஒலி அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. அதோடு போகாது, ஸ்பீக்கருக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் சூடேறிக் கருகிவிடவும் கூடும். கெயினைக் குறையுங்கள்.

கதவில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் 'தம் தம்' ஓசையைத் தாங்காது. அதற்குத்தானே பின்னால் சப்-ஊபர் இருக்கிறது? சின்ன ஸ்பீக்கருக்கு 'ஹை பாஸ்' ஸ்விட்சைப் போட்டு, 80 ஹெர்ட்ஸ் அளவில் வையுங்கள்.

இப்போது கேளுங்கள். அதே பாடகர்தான்!