வைக்கோலுக்கும் பயிருக்கும் நடுவே

மண்ணில் உயிரோடிருக்கும் பாக்டீரியா, பூஞ்சை, ஓரணு உயிரிகள் ஆகியவற்றின் மொத்த எடையே நுண்ணுயிர்த் திரள். வேர்களும் மண்புழுக்களும் இந்தக் கணக்கில் சேரா. வளமான மண்ணில் ஒரு கிராம் எடுத்தால் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும். ஆனாலும் மண்ணிலுள்ள கரிமத்தில் இந்தத் திரளின் பங்கு பெரும்பாலும் 1 முதல் 5 விழுக்காடுதான். நிலத்தில் விழும் இலை, தாள், சாணம் எல்லாம் இந்தச் சிறு பங்கின் வயிற்றுக்குள் போய் வந்த பிறகே பயிருக்கு உணவாகின்றன.

அறுவடை முடிந்ததும் தாளை மடக்கி உழுது, உடனே அடுத்த நடவு செய்த வயலில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பச்சை பிடிக்க வேண்டிய பயிர் வெளிறி நிற்கும். வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ 80 பங்கு கரிமம் இருக்கிறது. பாக்டீரியாவின் உடலுக்கோ ஒன்றுக்கு ஐந்து, பூஞ்சைக்கு ஒன்றுக்குப் பத்து என்ற அளவில் சத்து வேண்டும். வைக்கோலைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள், பற்றாத தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. பயிர் பட்டினி கிடக்கிறது. இது இழப்பு அன்று, கடன்தான். தீனி தீர்ந்து அவை மடியும்போதும், ஓரணு உயிரிகள் அவற்றை உண்ணும்போதும் அந்தச் சத்து வேருக்குத் திரும்புகிறது. மண்நீரில் நைட்ரேட்டாகக் கரைந்து கிடக்கும் தழைச்சத்தை ஒரு பெருமழை அடித்துக்கொண்டு போய்விடும். நுண்ணுயிர்களின் உடலுக்குள் கட்டுண்ட சத்து அப்படிப் போகாது. பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டையும் சணப்பையையும் பூக்கும் பருவத்திலேயே மடக்கி உழுவதன் காரணமும் இதுதான்: இளந்தழையில் தழைச்சத்து மிகுதி, கடன் வாங்க வேண்டியதில்லை.

கோடையில் காய்ந்த மண்ணில் நுண்ணுயிர்களில் ஒரு பகுதி செத்துப்போகும். முதல் மழை விழுந்ததும் பிழைத்தவை அவற்றை உண்டு பெருக, தழைச்சத்து திடீரென வெளிப்படும். கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் இதை ஆராய்ந்து 1958இல் விரிவாக எழுதினார் பிர்ச் என்ற ஆய்வாளர். அந்த மழையில் எழும் மண்வாசனையும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிரிகள் உண்டாக்கும் பொருளால் வருவதே.

இத்திரளை அளக்க இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜென்கின்சனும் பவுல்சனும் 1976இல் ஒரு வழி கண்டனர். மண்ணைக் குளோரோஃபார்ம் ஆவியில் வைத்து நுண்ணுயிர்களைக் கொல்வார்கள். பிறகு ஆவியை நீக்கி, கொஞ்சம் புதிய மண்ணைக் கலந்து 10 நாள் வைப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவை செத்தவற்றை உண்ணும்போது கூடுதலாக வரும் கரியமில வாயு, இருந்த திரளின் அளவைச் சொல்லிவிடும்.

ரோதம்ஸ்டெட்டில் 1843 முதல் கோதுமை விளையும் பிராட்பாக் வயலில், ஆண்டுதோறும் தொழு உரம் பெறும் பாத்தியில் இத்திரள், ரசாயன உரம் மட்டும் பெறும் பாத்தியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. டென்மார்க்கில் 18 ஆண்டுகள் வைக்கோலை மடக்கி உழுத நிலத்தில் மொத்தக் கரிமம் சிறிதளவே கூடியது. நுண்ணுயிர்த் திரளோ நன்றாகவே பெருகியிருந்தது. மண் தேறுகிறதா, தேய்கிறதா என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது இத்திரளே.

கரும்பு வெட்டியதும் தோட்டத்தில் கிடக்கும் சோகை இத்திரளின் தீனி. அதைக் கொளுத்தினால் கரிமத்தோடு தழைச்சத்தும் புகையாகப் போய்விடும். சோகைக்குத் தீ வைக்காமல், பார்களுக்கு நடுவே பரப்பி மட்கவிடுங்கள்.