வேப்பமரத்தடி முகாம் – 6: தம்பியையும் கூட்டிட்டு வா!

ஊர்ப் பிள்ளைகளுக்கான கோடை முகாமுக்கு இடம் பிடிப்பதையும் பணம் திரட்டுவதையும் சென்ற வாரங்களில் பார்த்தோம். அவற்றைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது: பெண்பிள்ளையின் நேரம்.

மே மாதத்தில் பையன் கிணற்றுக்கும் கிரிக்கெட்டுக்கும் கிளம்பிவிடுவான். அவனுடைய அக்காவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து மட்டும்தான் விடுமுறை. அம்மா கூலி வேலைக்குப் போனதும் தண்ணீர் பிடிப்பது, உலை வைப்பது, சின்னவனைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள் தலையில். ‘கட்டணம் இல்லை’ என்று நோட்டீஸ் ஒட்டினாலும் அவளால் வர முடியாது.

ஆகவே நோட்டீஸை நம்பாமல் வீடு வீடாகப் போக வேண்டும். “பிள்ளைய அனுப்புங்க” என்பதோடு நிறுத்தாமல், “எந்நேரம் தோதுப்படும்க்கா?” என்று கேட்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த பதில்: “தண்ணி புடிச்சுட்டு வருவா. ஆனா சின்னவன யாரு பாப்பா?” முகாமின் அமைப்பையே இந்தக் கேள்விதான் தீர்மானித்தது. தம்பி தங்கைகளும் வரட்டும் என்றோம். பள்ளி வராண்டா மூலையில் ஒரு பாய், கொஞ்சம் மணல், கொட்டாங்கச்சிகள் போதும். கல்லூரி விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் அக்காக்களும் அண்ணன்களும் முறைவைத்துப் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பொறுப்பை முகாமுக்கு வரும் சிறுமிகளிடமே கொடுத்துவிடாதீர்கள். வீட்டு வேலையை இடம் மாற்றியதாகத்தான் ஆகும்.

அடுத்தது வயிறு. சத்துணவும், 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பள்ளி நடக்கும் நாட்களுக்கானவை. கோடையில் பள்ளி அடுப்பு எரியாது. வீட்டுக்கு ஒரு படி கேழ்வரகு வாங்கிக் கூழ் காய்ச்சலாம். தொட்டுக்கொள்ள மாங்காய், வெங்காயம். பதினோரு மணிக்கு அதைக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் தெம்பாக உட்காருவார்கள்.

தலைமையாசிரியரிடம் வகுப்பறைச் சாவி வாங்கும்போதே கழிவறைச் சாவியையும் வாங்குங்கள். வாளியில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். நாப்கின்களை, யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் இடத்தில் வையுங்கள். மாதத்தில் சில நாள் ஒரு பெண் சொல்லாமல் நின்றுவிடுகிறாள் என்றால், குறை முகாமில் இருக்கிறது.

இவை அமைந்துவிட்டால் கற்றுக்கொடுக்கச் செலவே இல்லை. சைக்கிள் கடையில் வால் டியூப் வாங்கித் துண்டு துண்டாக நறுக்குங்கள். அவற்றால் தீக்குச்சிகளை இணைக்கலாம். நாலு குச்சிச் சதுரம் அழுத்தினால் சாயும், மூணு குச்சி முக்கோணம் அசையாது. மின்கோபுரத்தில் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்று பிள்ளைகளே சொல்வார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளில் 1970-களின் இறுதியில் அரவிந்த் குப்தா உருவாக்கிய முறை இது.

உச்சிவெயிலில் ஒரு குச்சியை நட்டு நிழலைப் பார்க்கச் சொல்லுங்கள். மே மாதம் தமிழ்நாட்டில் அது தெற்கே விழும். மார்கழியில் வடக்கே விழுமே, இப்போது ஏன் திரும்பியது? சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விட்டதை ஏழாம் வகுப்புச் சிறுமி தானாகக் கண்டுபிடிக்கும்போது, அந்தப் பொழுது முழுக்க அவளுடையதாகிறது. அந்த உரிமையை அவளுக்கு வாங்கிக் கொடுக்கத்தான் இத்தனை ஏற்பாடும்.

நேரத்தைப் போலவே பாதையும் அவள் வசமாக வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். ஊரில் இரவல் வாங்கிய சைக்கிள்களை வைத்து நம் முகாமில் அதை எப்படிச் செய்வது? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)