அந்தக் காலத்து ஆளுங்க விவரம் இல்லாதவங்களா?



போன மே லீவுல எங்க தாத்தாகிட்ட ஒரு வார்த்தை சொல்லி நல்லா மாட்டிக்கிட்டேன். "அந்தக் காலத்து ஆளுங்களுக்கு என்ன தாத்தா தெரியும்? கரண்ட் இல்ல, சிமெண்ட் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றேன். தாத்தா கொத்தனார் வேலை பார்த்தவர். மூணாங்கிளாஸ்தான் படிச்சிருக்கார். கோபப்படல, ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆத்து மணல்ல சுவர் எழுப்பணும். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் தோண்டுவே?"

"பாறை வர்ற வரைக்கும்."

"பாறையே வரலைன்னா?"

நான் பத்தாம் வகுப்பு. அறிவியல்ல 92 மார்க். பதில் வரல!

பதில் திருச்சிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் கல்லணை. கரிகால் சோழன் கட்டியது, ஏறக்குறைய 2000 வருஷம் பழையது என்பார்கள். காவிரித் தண்ணீர் தாழ்வான கொள்ளிடத்துக்கு ஓடிவிடாமல் தடுத்து, தஞ்சாவூர் வயல்களுக்குத் திருப்பிவிடுவதுதான் இதன் வேலை. பழைய அணை சுமார் 1080 அடி நீளம். நேர்கோடாக இல்லாமல் பாம்பு மாதிரி வளைந்து கிடந்தது. உள்ளே கரடுமுரடான கல்லும் களிமண்ணும்தான்.

அது எப்படி மணலில் நிற்கிறது? கடற்கரையில் அலை வந்து போகிற இடத்தில் அசையாமல் நின்று பாருங்கள். காலடியில் மணல் அரித்துக்கொண்டு போகும், பாதம் உள்ளே இறங்கும். கொஞ்ச நேரத்தில் இறுகி நின்றுவிடும். அதே கதைதான். பெரிய பெரிய கல்லை ஆற்றில் போட்டார்கள். தண்ணீரே மணலை அரித்துக் கல்லைக் கீழே இறக்கியது. அதற்கு மேல் இன்னொரு கல், அதற்கு மேல் இன்னொன்று, இறங்குவது நிற்கிற வரைக்கும்! நாம் தோண்ட வேண்டிய பள்ளத்தை ஆற்றையே தோண்ட வைத்துவிட்டார்கள்.

1821-ல் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேய இன்ஜினியர் இந்தியா வந்தார். அப்போது காவிரி மணல் மேடிட்டு, தண்ணீர் கொள்ளிடம் பக்கம் போய், வயல்கள் காய்ந்துகொண்டிருந்தன. எங்க தாத்தா கேட்ட அதே கேள்வி அவருக்கும் வந்தது. அவர் கல்லணையைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, 1836-ல் முக்கொம்பில் மேலணை கட்டினார். பிறகு கோதாவரியில் தவளேஸ்வரம் அணையையும் கட்டினார். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடுவதை இந்த ஊர்க்காரர்களிடம்தான் கற்றோம் என்று அவரே எழுதியிருக்கிறார். 'இந்த வெள்ளைக்காரங்க சண்டை போடத்தான் லாயக்கு, பழைய அணையை ரிப்பேர் பண்ணக்கூடத் தெரியல' என்ற அர்த்தத்தில் நம்ம ஜனங்க பேசிக்கொண்டதையும், அது நியாயம்தான் என்றும் எழுதி வைத்திருக்கிறார். (எனக்குப் பிடிச்ச இடம் இதுதான்!)

அப்போ நான் எங்கே தப்புப் பண்ணினேன்? தெரிஞ்ச விஷயம் வேற, மூளை வேற. பூமி சூரியனைச் சுத்துதுன்னு எனக்குத் தெரியும். ஆனா அதை நானா கண்டுபிடிச்சேன்? புக்ல இருந்தது, படிச்சேன். செல்போனை அமுக்கத் தெரியும், உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது. மனுஷ மூளை பல ஆயிரம் வருஷமா ஏறக்குறைய இதேதான். நமக்கு முன்னாடி சேர்த்து வெச்சவங்க அதிகம், அவ்வளவுதான்.

அதுக்காக அந்தக் காலத்திலேயே ஏரோப்ளேன் விட்டாங்கன்னு சிலர் அளக்கிறதையும் நான் நம்பல. அவங்களும் தப்புப் பண்ணித்தான் கத்திருப்பாங்க. தாத்தாகிட்ட அதையும் கேட்டேன். "கல்லணைக்கு முன்னால எத்தனை அணை அடிச்சிட்டுப் போச்சோ, யாருடா எண்ணி வெச்சா?" என்றார்.

கல்லணைக்கு டூர் போறவங்களுக்கு ஒண்ணு: மேலே தெரியிற ஷட்டர், பாலம் எல்லாம் பெரும்பாலும் பிற்காலத்தில் சேர்த்தது. கரிகாலன் காலத்துக் கல் அதுக்கு அடியில, தண்ணிக்குள்ள இருக்கு.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்