சைக்கிளுக்கு ஒரு மோட்டார்

ஸ்ரீ ரமணாசிரமத்து வாசலில் நின்றுகொண்டு செங்கம் சாலையைச் சற்று நேரம் கவனித்தால் போதும். மனிதன் எத்தனை விதமாகப் பிரயாணம் செய்கிறான் என்பது விளங்கிவிடும். வெறுங்காலுடன் மலையை வலம் வரும் அன்பர்கள் ஒரு பக்கம். புத்தக மூட்டையைச் சுமந்து சைக்கிள் மிதிக்கும் பிள்ளைகள் ஒரு பக்கம். பொறுமை என்பதையே அறியாத பஸ்கள் நடுவில். அந்தச் சாலையில் ஒரு நாள் மாலை என் மாணாக்கன் ஒருவன் என்னை வழிமறித்தான்.

அவன் பதினோராம் வகுப்பில் படிக்கிறான், வயது பதினாறு. கிராமத்திலிருந்து பள்ளிக்கூடம் வந்து திரும்புவதற்கு நாள்தோறும் 18 கிலோமீட்டர் மிதிக்கிறான்.

"ஸார், சர்க்கார் கொடுத்த சைக்கிளில் சின்னதாய் ஒரு மின்சார மோட்டார் பொருத்திக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். சைக்கிள்தானே, லைசென்ஸ் ஒன்றும் வேண்டாம் என்று கடைக்காரர் சொல்கிறார். பொருத்தலாமா, ஸார்?"

அவன் தாயார் சீட்டுப் பணத்தை எடுத்துத் தரச் சம்மதித்துவிட்டாராம். நான் கணக்கு உபாத்தியாயன். சட்டம் படித்தவன் அல்லன். ஆகையால், "ஒரு வாரம் பொறு" என்று சொல்லி அனுப்பிவிட்டுச் சட்டப் புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதே கேள்வி எழுந்திருக்கும் மற்ற வீடுகளுக்கும் பயன்படட்டும் என்று, கண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். பையனுடைய ஆசையில் குற்றம் ஏதும் இல்லை. பெரிய தொழில்களே இந்த ஆசையிலிருந்து பிறந்திருக்கின்றன. 1946-ஆம் ஆண்டில், யுத்தத்தில் தோற்று நொந்து கிடந்த ஜப்பானில், சோயிசிரோ ஹோண்டா என்பவர் ராணுவ ரேடியோப் பெட்டிகளுக்காகச் செய்து மிஞ்சிப்போன சிறு இஞ்ஜின்களை வாங்கிச் சைக்கிளில் பூட்டினார். முதல் மாதிரிக்குப் பெட்ரோல் தொட்டியாக வீட்டு வெந்நீர்க் குப்பியையே உபயோகித்தாராம்! ஹோண்டா மோட்டார் சைக்கிள்களின் பூர்வோத்தரம் இதுதான். நம் நாட்டில் 1972-இல் 'லூனா'வும், 1980-இல் நமது ஹோசூரிலிருந்து இருவர் செல்லத்தக்க 'டி.வி.எஸ். 50'-உம் வந்தன. மிதிகட்டையும் இஞ்ஜினும் சேர்ந்த அந்த வண்டிகள் குமாஸ்தாவையும் பால்காரரையும் எத்தனை ஆண்டுகள் சுமந்தன என்பதை நேயர்கள் அறிவார்கள்.

நிற்க, சட்டம் என்ன சொல்லுகிறது?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், யந்திர சக்தியால் சாலையில் ஓடும் வண்டிகளையெல்லாம் 'மோட்டார் வாகனம்' என்றே கருதுகிறது. நான்கு சக்கரத்துக்குக் குறைவாக இருந்து, இஞ்ஜினின் கொள்ளளவு 25 ஸி.ஸி.க்கு மேற்படாமல் இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. சைக்கிளுக்கென்று விற்கும் பெட்ரோல் இஞ்ஜின்களிலோ 49 ஸி.ஸி., 80 ஸி.ஸி. என்பவையே மிகுதி. அவற்றைப் பூட்டிய கணத்தில் சைக்கிள் சைக்கிளாக இருப்பதில்லை.

மின்சார மோட்டாருக்கு வேறு அளவுகோல். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, அரை மணி நேரம் இடைவிடாமல் தரக்கூடிய சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது. மிதிப்பவனுக்குத் துணைசெய்யும் மோட்டாராயின், மிதிப்பதை நிறுத்தியதும் அதுவும் நின்றுவிட வேண்டும். வேகம் ஏற ஏற உதவியைக் குறைத்துக்கொண்டு, 25 கிலோமீட்டரில் அடியோடு விலகிக்கொள்ள வேண்டும். நல்ல பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என்று ஒளியைத் திருப்பும் வில்லைகளும் அவசியம்.

இவ்வளவும் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். அவர் சொல்லாமல் விட்டது வேறொன்று. மேற்கண்ட நிபந்தனைகளெல்லாம் பூர்த்தியாகியிருக்கின்றன என்று, விதியில் பெயர் குறிக்கப்பட்ட சோதனை நிலையம் ஒன்று பார்த்து அங்கீகரித்திருக்க வேண்டும். புனாவிலும், சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் அத்தகைய நிலையங்கள் இருக்கின்றன. கடைக்காரரின் வாய்ச்சொல் அங்கீகாரம் ஆகாது.

பையன் காட்டிய துண்டுத் தாளில் '350 வாட், வேகம் 40 கி.மீ.' என்று அச்சிட்டிருந்தது. அதைப் பொருத்தினால் பதிவும், லைசென்ஸும், இன்ஷ்யூரன்ஸும் தேவையாகும். வீட்டில் கூட்டிய வண்டியைப் பதிவு செய்யப் போனாலோ, சோதனைச் சான்று எங்கே என்று கேட்பார்கள்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் பெற்றோர் அவசியம் அறிய வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை மோட்டார் வாகனக் குற்றம் செய்தால், பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோ குற்றவாளி ஆகிறார். மூன்று ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். பிள்ளைக்கோ 25 வயது ஆகும் வரை லைசென்ஸ் கிடைக்காது. சீட்டுப் பணம் எங்கே கொண்டுபோய் விடுகிறது, பாருங்கள்!

"இது என்ன கெடுபிடி?" என்று சிலர் கேட்கலாம். நான் கணக்கு உபாத்தியாயன், கணக்கையே சொல்கிறேன். வேகம் இரண்டு மடங்கானால் ஓடும் வண்டியின் ஆற்றல் நான்கு மடங்கு ஆகிறது. அதை நிறுத்தத் தேவையான தூரமும் ஏறக்குறைய நான்கு மடங்கு. 15 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று மீட்டரில் நிற்கும் சைக்கிள், 30-இல் பன்னிரண்டு மீட்டர் ஓடும். பிரேக்கோ அதே பழைய ரப்பர்க் கட்டை. மழையில் நனைந்தால் அதுவும் வழுக்கும்.

அந்தப் பன்னிரண்டு மீட்டருக்குள் யார் இருக்கிறார்கள் என்பதுதான் நம் ஊரில் கேள்வி. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் நடப்பவர்கள் முன்னால் மலையைப் பார்க்கிறார்களேயன்றிப் பின்னால் வருவதைப் பார்ப்பதில்லை. மின்சார மோட்டார் சத்தமும் போடாது. ஒரு பாட்டியம்மாள் மீது மோதிவிட்டால், இன்ஷ்யூரன்ஸ் இல்லாத வண்டிக்கு நஷ்ட ஈடு யார் தருவது? அந்தத் தாயார்தான். சட்டம் கேட்கும் காகிதங்களெல்லாம் நடந்து போகிறவருடைய பாதுகாப்பிற்காகவே என்பது எனக்கு அப்போதுதான் நன்றாக உறைத்தது.

வாரம் கழிந்து பையன் வந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "அப்படியானால் தினமும் மிதித்துக்கொண்டேதான் இருக்க வேண்டுமா, ஸார்?" என்றான். அதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. எதிர்க்காற்றில் ஒன்பது கிலோமீட்டர் மிதித்து வருபவனிடம் பிரசங்கம் செய்வது எளிது, மிதிப்பதுதான் கஷ்டம்.

அங்கீகாரம் பெற்ற மின்சார சைக்கிள்கள் கடைகளில் கிடைக்கின்றன என்றும், பணம் சேர்ந்ததும் சான்றைக் கேட்டுப் பார்த்து வாங்கலாம் என்றும் சொன்னேன். அதுவரைக்கும் என்று, இருவருமாகச் சங்கிலியைக் கழுவி எண்ணெய் விட்டோம். சக்கரத்துக் குண்டுகளுக்குக் கிரீஸ் வைத்தோம். டயருக்குக் கெட்டியாகக் காற்று அடித்தோம். ஒரு சுற்றுப் போய் வந்து, "லேசாகத்தான் இருக்கிறது, ஸார்" என்று ஒப்புக்கொண்டான்.

புறப்பட்டவன் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தான்.

"ஸார், 250 வாட்டுக்குள் நானே ஒன்று செய்தால், ஒரகடத்தில் சோதித்துப் பார்ப்பார்களா?"

சீட்டுப் பணம் வீட்டிலேயே பத்திரமாக இருக்கிறது. பையன் இப்போது என்னிடம் மின்சார பாடத்தில் சந்தேகம் கேட்க வருகிறான்.